“நரம்புச் சுருட்டல் மறுபடி வராது” என்று உத்தரவாதம் விற்பவர்களிடம் எச்சரிக்கை

நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயினுக்கு (காலின் இரத்தக் குழாய்கள் வீங்கிப் புடைக்கும் நோய்) அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தேடிப் பிடித்து, அந்த நோய் இனி வரவே வராது என்று எண்ணெயும் காலுறையும் விற்கும் “இலவச முகாம்” ஒன்றில் இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரைச் சேர்ந்த என் அக்கா ஏமாற்றப்பட்டார்.

அக்கா மீன் கம்பெனியில் நாள் முழுவதும் நின்று வேலை பார்ப்பவர். சர்க்கரை நோயும் உண்டு. மதுரையில் லேசர் மூலம் காலின் பெரிய சிரையை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) அடைத்து அனுப்பிய மருத்துவர், அழுத்தக் காலுறை அணியவும், தினமும் நடக்கவும், குறித்த காலத்தில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு வரவும் சொல்லியிருந்தார். நம் கடற்கரை வெக்கையில், ஈரத்தரையில் நிற்பவருக்கு அந்தக் காலுறை பெரும்பாடு என்பதைத் தெரிந்துகொண்டே முகாம்காரர்கள் பேசினார்கள். “இதைத் தேய்த்தால் போதும் அம்மா, ஸ்கேனெல்லாம் வீண் செலவு” என்று சொல்லி, உத்தரவாத அட்டையும் கொடுத்து, ரசீது மட்டும் தராமல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் கொடுத்த காலுறை எல்லாருக்கும் ஒரே அளவு. முறையான அழுத்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்த வேண்டும். அதற்காகவே வீக்கம் ஏறாத காலை நேரத்தில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து பார்க்கிறார்கள். இதுவோ கணுக்காலில் தொளதொளத்து, முழங்காலுக்குக் கீழே கயிறு போல் இறுக்கியது. சர்க்கரை நோயாளிக்குக் காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அழுத்தமே ஆபத்தாகலாம் என்பதால் முதலில் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். அதையும் அவர்கள் பார்க்கவில்லை.

பாதம் வீங்கி, கணுக்காலின் உட்புறம் கறுத்துப் புண்ணான பிறகு எடுத்த ஸ்கேனில் வேறொரு சிரையின் வால்வு பழுதாகி இரத்தம் கீழ்நோக்கித் திரும்புவது தெரிந்தது. அடைத்த சிரை சரியாக இருந்தாலும் மற்றச் சிரைகள் பின்னாளில் கெடலாம் என்று மருத்துவர் விளக்கினார். அந்த எண்ணெயால்தான் நோய் திரும்பியது என்று நான் சொல்லவில்லை. தோலில் தேய்ப்பது எதுவும் உள்ளே இருக்கும் வால்வைச் சரிசெய்யாது என்பதையும், ஸ்கேனை நிறுத்தச் சொன்னதால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வேண்டியதைப் புண்ணான பிறகு கண்டுபிடித்தோம் என்பதையும் சொல்கிறேன். இதில்தான் எனக்கு ஆறாத கோபம்.

அட்டையில் இருந்த எண் இப்போது அணைந்து கிடக்கிறது. அதே முகாமில் வாங்கியவர்கள் அட்டையையும் பணம் அனுப்பிய பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். அதற்கு முன், வீக்கமோ தோல் கறுப்போ தெரிந்தால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது காலைக் காட்டிவிடுங்கள். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் எதையும் தேய்க்காமல் அன்றே போங்கள்.