தலை எரிந்ததா, முடி நரைத்ததா? குர்ஆன் உருவகங்களைத் தமிழாக்கும் மூன்று வழிகள்

உருவகம் வரும் வசனத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று வழிகள் உண்டு: படிமத்தை அப்படியே வைக்கலாம், அதை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் சொல்லலாம், படிமத்தை வைத்து அடைப்புக்குறிக்குள் கருத்தைச் சேர்க்கலாம். ஒரே வழியை நூல் முழுக்கப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

முதலில் 19ஆம் அத்தியாயத்தின் 4ஆம் வசனம், அதாவது 19:4. முதுமையில் பிள்ளை வரம் கேட்கும் ஸகரிய்யா நபி, "இஷ்தஅலர் ரஃஸு ஷைபா" என்கிறார். தலை நரையால் பற்றி எரிந்தது என்பது இதன் நேர்ப்பொருள். கருத்துப் பெயர்ப்பில் இது "என் தலை நரைத்துவிட்டது" என்று முடிந்துவிடும். செய்தி வந்துவிட்டது, தீ அணைந்துவிட்டது. 11ஆம் நூற்றாண்டு அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி இந்த வசனத்தில் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார். அழகு 'எரிதல்' என்ற சொல்லில் மட்டும் இல்லை, எரிவது எது என்பதிலும் இருக்கிறது. வீட்டில் தீ எரிந்தது என்றால் ஒரு மூலையில் எரிந்திருந்தாலும் போதும். வீடு பற்றி எரிந்தது என்றால் முழு வீடும் தீக்குள். அதுபோலத் தலையே எழுவாயாகும்போது ஒரு கருமுடியும் மிஞ்சுவதில்லை. ஆகவே "தலையில் நரை எரிகிறது" என்று படிமத்தைக் காப்பாற்றியவரும் பாதியை இழக்கிறார். "தலை எரிகிறது" என்று தொடங்கினாலோ, தமிழில் அது உடல் எரிச்சலாகக் கேட்கும். "என் தலை நரையாய் மூண்டெரிகிறது" என்றால் இரண்டு சிக்கலும் தீரும்.

17:24-இல் பெற்றோருக்குப் "பணிவின் சிறகைத் தாழ்த்து" என்ற கட்டளை. "பணிவாக நடந்துகொள்" என்று எழுதினால் ஒரு வசனத்தோடு இழப்பு நிற்காது. 15:88, 26:215 இரண்டிலும் நபியிடம், நம்பிக்கையாளர்களுக்காகச் சிறகைத் தாழ்த்தும்படி சொல்லப்படுகிறது. மூன்றிலும் சிறகு இருந்தால்தான் வாசகர் அந்தத் தொடர்பைப் பிடிப்பார். குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைக்கும் பறவையைத் தமிழர் அறிவர், அடைப்புக்குறி வேண்டாம்.

12:82-இல் "ஊரைக் கேளுங்கள்" என்பதற்கு "ஊர் (மக்களைக்)" என்று ஒட்டுப்போடுவது தேவையே இல்லை. ஊர் சிரித்தது என்கிற மொழி நம்முடையது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர்.

விளக்கம் உண்மையாகவே தேவைப்படும் இடம் 2:187. நோன்பு தொடங்கும் நேரத்துக்குக் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் அடையாளம். அரபியே தாய்மொழியான அதீ இப்னு ஹாத்திம் என்ற நபித்தோழர்கூட இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபி விளக்கினார். வசனத்திலேயே 'மினல் ஃபஜ்ர்', அதாவது 'வைகறையின்' என்ற சொல் இருப்பதால், "வைகறையின் வெண்ணூல்" என்று பெயரடையாக முன்னே வைத்தாலே பொருள் தெளியும். மேற்கொண்டு வேண்டுமானால் அடிக்குறிப்பு. அடைப்புக்குறி ஓதும் மூச்சை உடைக்கிறது. கேட்பவருக்கு எது வசனம், எது விளக்கம் என்று பிரித்தறியவும் முடியாது.

48:10-இன் "அல்லாஹ்வின் கை" வேறு ரகம். அதை 'ஆற்றல்' என்று மாற்றுவது மொழித்தேர்வு அல்ல, கொள்கைத்தேர்வு. பொருளை இறைவனிடமே விட்டுவிடுவோரும் உருவகமாகக் கொள்வோரும் நூற்றாண்டுகளாக வாதிட்ட இடம் அது. 'கை' என்றே விட்டால் இரு சாராரும் வாசிக்கலாம்.

கவிஞரின் வழி இம்மூன்றிலும் சேராது. அவர் படிமத்தை வளர்க்கிறார். 33:46 நபியை "ஒளிவீசும் விளக்கு" என்று இரண்டே சொல்லில் உருவகிக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், தலைமுறைப் படலத்தில், நபியின் ஒளி ஆதம் முதல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. இந்த உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. ஆனால் "நேர்வழி காட்டுபவர்" என்று அவர் விளக்கை அணைத்துவிட்டால், தமிழ் வழியாக மட்டும் குர்ஆனை அறியும் அடுத்த கவிஞருக்கு அங்கே எடுத்துக்கொள்ளச் சுடர் இருக்காது.