லாடர்ஹில்லா, மிராமரா? ப்ரோவார்டில் ஜமைக்காக்காரர்கள் நடுவே ஒரு வீடு

மாமியார் ஜமைக்காவின் மான்டெவில்லை விட்டு எங்களோடு வந்துவிடுவது என்று முடிவானதும் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். என் கணவர் ஜமைக்காக்காரர், நான் மதுரைக்காரி. வீடு எங்கே அமைந்தாலும் எனக்குச் சரிதான். மாமியாருக்கு மட்டும் தன் மனிதர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் ஜமைக்காவில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பது இந்த ப்ரோவார்ட் கவுன்டியில்தான். ஆனால் கவுன்டிக்குள் (நம் மாவட்டம் மாதிரி) 31 ஊர்கள் இருக்கின்றன. ஜமைக்காக்காரர்கள் நெருக்கமாக இருப்பது இரண்டு பக்கங்களில். நடுவில் லாடர்ஹில், லாடர்டேல் லேக்ஸ், நார்த் லாடர்டேல், டாமராக், சன்ரைஸ், ப்ளான்டேஷன் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் ஊர்கள். தெற்கே மிராமர், அதற்கு மேலே பெம்ப்ரோக் பைன்ஸ். சலித்துப் பார்த்ததில் லாடர்ஹில்லும் மிராமரும் மிஞ்சின. நாங்கள் வாங்கியது லாடர்ஹில்லில். எனவே தராசு அந்தப் பக்கம் சாய்வதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். மிராமரில் விலை அதிகம், வீடுகளும் புதியவை. மயாமியில் வேலை என்றால் மிராமர்தான், யோசிக்கவே வேண்டாம். ஃபோர்ட் லாடர்டேல் பக்கம் வேலை என்றால் லாடர்ஹில். இரண்டிலிருந்தும் விமான நிலையம் பக்கம்.

இரண்டு ஊரின் குணமும் வேறு. மிராமர் 1955-ல் உருவான ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,34,721. வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே 441 என்ற எண்ணுள்ள நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு ஓரம் வரை ரிப்பன் போல நீண்டு கிடக்கும். கிழக்குக் கோடியில் ஐம்பதுகளின் சின்ன வீடுகள். மேற்கே சில்வர் லேக்ஸ், மொனார்க் லேக்ஸ், ரிவியரா ஐல்ஸ் என்று ஏரியைச் சுற்றி வாயிற்கதவு போட்ட குடியிருப்புகள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு மயாமியைப் புரட்டிப் போட்ட பிறகு, அங்கிருந்து கிளம்பியவர்களால் கவுன்டியின் இந்தத் தென்மேற்கு மூலை வேகமாக நிரம்பியது. நர்ஸ், அக்கவுன்டன்ட், சொந்தத் தொழில் என்று கால் ஊன்றிவிட்ட ஜமைக்காக் குடும்பங்கள் இங்கே நிறைய. 2015-ல் மேயரான வெய்ன் மெஸ்ஸம் ஜமைக்காப் பெற்றோரின் மகன். அவர் அப்பா ஃப்ளோரிடாவுக்கு ஒப்பந்தத்தில் கரும்பு வெட்ட வந்தவர்.

லாடர்ஹில் 1959-ல் உருவானது. மக்கள்தொகை மிராமரில் பாதியை விடச் சற்று அதிகம், 74,482. முதலில் இங்கே நிறைய வந்து குடியேறியவர்கள் நியூயார்க்கில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யூதர்கள். இன்வரரி என்ற பகுதியில் கோல்ஃப் மைதானமும் அதைச் சுற்றி அடுக்குமாடிகளும் எழுந்தன. தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் ஜாக்கி க்ளீசன் அங்கேதான் இருந்தார். அந்தத் தலைமுறை குறையக் குறைய ஜமைக்காக்காரர்கள் வந்தார்கள். எழுபதுகளின் அரசியல் கலவரங்களில் கிங்ஸ்டனை விட்டு வந்தவர்களும் உண்டு, நியூயார்க் குளிரில் பல வருஷம் உழைத்துவிட்டு வெயில் தேடி இறங்கியவர்களும் உண்டு. இன்று ஊருக்குச் செல்லப்பெயரே ஜமைக்கா ஹில். ப்ரோவார்ட் கவுன்டி மேயராக இருந்த டேல் ஹோல்னஸ் இந்த ஊர் அரசியலில் வளர்ந்தவர், ஜமைக்காவில் பிறந்தவர்.

சரி, எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மாமியாருக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது. கார் ஓட்ட மாட்டார். ஜமைக்காவில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போவதைப் பார்த்துப் பழகிய கண். இங்கே வலது பக்கம், அதுவும் ஆறு தடம். இனிமேல் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. மான்டெவில்லில் வாசலுக்கு வந்தால் சிவப்பு நம்பர் பிளேட் போட்ட ரூட் டாக்ஸி வரும், நம் ஷேர் ஆட்டோ மாதிரி. கை காட்டி ஏறி, மார்க்கெட், சர்ச், டாக்டர் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டி வந்து, மகன் வேலையிலிருந்து திரும்பும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? மேற்கு மிராமரில் எங்களுக்கு மிகவும் பிடித்த வீட்டைப் பார்த்தபோது இந்தக் கேள்விதான் குறுக்கே வந்தது. வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடியிருப்பின் வாயிற்கதவுக்கே ஒரு நல்ல நடை. அதைத் தாண்டினால் நிழலில்லாத அகலச் சாலை. நகராட்சி விடும் சிறு பஸ் உண்டுதான், ஆனால் அதன் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும்.

லாடர்ஹில்லில் எல்லாம் 441 சாலையை ஒட்டி. கவுன்டியை வடக்கு தெற்காக வெட்டிச் செல்லும் இந்தச் சாலையில் 18-ஆம் எண் பஸ் ஓடுகிறது. ப்ரோவார்டில் கூட்டம் அதிகமாக ஏறும் தடங்களில் அதுவும் ஒன்று. சாலைக்குச் சற்று மேற்கே 1966-ல் திறந்த லாடர்ஹில் மால். பல பஸ்கள் வந்து கூடும் இடமும் அதுதான். மாமியார் இப்போது அங்கே தனியாகப் போய் வருகிறார். அந்த வட்டாரத்துக்குள்ளேயே பாட்டி சுடும் பேக்கரி (பாட்டி என்பது மஞ்சள் மாவுக்குள் காரக் கறி வைத்தது, நம் வீட்டுப் பாட்டி அல்ல), யாம் கிழங்கு, பச்சை வாழை, ஸ்காட்ச் பானெட் மிளகாய் விற்கும் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் கவுன்டர், தலை பின்னும் கடை எல்லாம் உண்டு. அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். சனிக்கிழமை சர்ச். அதற்கும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவிலேயே கூடச் செல்ல ஆள் இருக்கிறது.

பேரல் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சளவு உயரமான நீல ப்ளாஸ்டிக் பீப்பாய். அரிசி, எண்ணெய், டின் மீன், சோப்பு, பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் ஷூ என்று மாதக்கணக்கில் சேர்த்து அடைத்துக் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்கள். காலி பீப்பாய் விற்பது, நிரம்பியதை எடுத்துப் போவது என்று அதற்கென்றே கடைகள் உண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. எங்கள் வீட்டு கார்போர்ட்டில் எப்போதும் ஒரு பேரல் பாதி நிரம்பி நிற்கும். மாமியார் அதற்கான சாமான்களைத் தள்ளுபடி பார்த்து, தானே பஸ்ஸில் போய், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கிறார். மிராமரில் இருந்தாலும் பேரல் போகும். ஆனால் ஒவ்வொரு டின்னுக்கும் மகனின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சின்ன வித்தியாசம் மரம். எங்கள் பக்கத்து வீட்டில் ஆக்கி மரம் இருக்கிறது. ஜமைக்காவின் தேசியப் பழம். காய் தானாக வெடித்துத் திறந்த பிறகுதான் பறிக்கலாம், மூடியிருக்கும்போது விஷம். இங்கே கடையில் டின்னில் வாங்கினால் கை சுடும் விலை. பக்கத்து வீட்டம்மா பருவத்தில் ஒரு பை கொடுத்தனுப்புவார், மாமியார் பதிலுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு அனுப்புவார். (1845-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம்மவர்கள் ஜமைக்காவுக்குக் கொண்டுபோன குழம்பு அது. ருசி கொஞ்சம் மாறிவிட்டது.) மேற்கு மிராமரின் குடியிருப்புகளில் வாசலில் என்ன மரம் வைக்கலாம் என்பதை வீட்டு உரிமையாளர் சங்கம்தான் சொல்லும்.

கிரிக்கெட்டும் லாடர்ஹில்லுக்கு ஒரு மதிப்பெண், எனக்காக. 2007-ல் திறந்த பூங்காவில் முறையான கிரிக்கெட் அரங்கமே இருக்கிறது. 2016-ல் கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட, தோனி கேட்ச் கொடுத்து இந்தியா 1 ரன்னில் வெஸ்ட் இண்டீஸிடம் தோற்றது இங்கேதான். 2024 டி20 உலகக் கோப்பையில் இங்கே வைத்த 4 ஆட்டங்களில் 3 மழையில் போயின. ஜூனில் இந்த ஊரில் ஆட்டம் வைத்தால் வேறென்ன நடக்கும்.

லாடர்ஹில் என்றாலும் எல்லாம் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. இன்வரரியின் எழுபதுகளின் அடுக்குமாடிகளில் வீட்டு விலை ஆசை காட்டும். மாதச் சங்கக் கட்டணத்தைப் பார்த்ததும் நாங்கள் பின்வாங்கினோம். 2021-ல் மயாமி அருகே சர்ஃப்சைடில் அடுக்குமாடி இடிந்து 98 பேர் இறந்த பிறகு, 3 தளமும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குச் சட்டம் இறுகிவிட்டது. பொதுவாக 30 வருஷமானால் கட்டாயச் சோதனை. பழுதுபார்க்கச் சேமிப்பு வைப்பதையும் முன்போலத் தள்ளிப்போட முடியாது. அந்தச் செலவு உரிமையாளர்கள் தலையில்தான் விழுகிறது. அதனால் சங்கமே இல்லாத, ஒரே தளத் தனி வீடாகப் பார்த்து வாங்கினோம். கூரை எங்கள் பொறுப்பு, புயல் காப்பீடும் எங்கள் பொறுப்பு. காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதே கூரையின் வயசைத்தான்.

மிராமருக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றால் பள்ளிகள். பிள்ளைகளுள்ள நண்பர்கள் பலர் அதற்காகவே அங்கே போனார்கள். எங்களுக்குப் பள்ளி வயசுப் பிள்ளைகள் இல்லை, ஆகவே என் வார்த்தையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுவிற்பனையிலும் மேற்கு மிராமர் முந்தும் என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டை நாங்கள் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. 441-ஐ ஒட்டிய கிழக்கு மிராமர் இரண்டுக்கும் நடுவழி. அதே 18-ஆம் எண் பஸ், நிறைய ஜமைக்காக் கடைகள். பழைய தெருக்களில் மழைநீர் எப்படி வடிகிறது என்பதை மட்டும் செப்டம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

டாமராக்கை 55 வயது தாண்டியவர்கள் தனியாகப் பார்க்கலாம். கிங்ஸ் பாயின்ட் போன்ற முதியோர் குடியிருப்புகள் அங்கே உண்டு. எங்களைப் போல இளையவர்களோடு சேர்ந்து இருப்பதற்கு அவற்றின் வயது விதி இடிக்கும். ப்ளான்டேஷன் நிழலும் அமைதியுமாக நல்ல ஊர், எங்கள் கைக்கு எட்டவில்லை. அங்கே நகராட்சி வரி விகிதம் லாடர்ஹில்லை விடக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரி என்றதும் ஒன்று. எந்த ஊரானாலும், விற்பவர் காட்டும் வரி ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது ஃப்ளோரிடா விதி. இருபது வருஷம் இருந்தவரின் ரசீது அதனால்தான் அவ்வளவு சின்னதாக இருக்கிறது. வீடு கை மாறிய அடுத்த ஜனவரியில் மதிப்பு சந்தை விலைக்குத் தாவும். கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் விலையைப் போட்டால் புது வரி எவ்வளவு வரும் என்று காட்டும்.