ஸ்டாக்கா, பாப் வார்னரா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆரம்பக் காலத்துப் பயிற்சியாளர்களில் இந்த இருவரைத்தான் அடிக்கடி எதிரெதிரே நிறுத்துவார்கள். உதைப்பதைவிட ஏந்திக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டம், அப்போது விதிகளே உருவாகிக்கொண்டிருந்த பருவத்தில் இருந்தது.

அமோஸ் அலோன்சோ ஸ்டாக் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை ஒரே இடத்தில் இருந்தார். பேராசிரியர்களுக்குரிய நிலையான பதவி; அந்தக் காலத்தில் இது புதுசு. எழுபது வயதில் அனுப்பிவைத்தபோதும் ஓயாமல், கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

வார்னரோ ஊர்சுற்றி, அணி மாறிக்கொண்டே இருந்தவர்: ஜார்ஜியா, கார்னெல், கார்லைல், பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்ட், டெம்பிள். கார்லைல், பூர்வகுடிப் பிள்ளைகளை ஊர், உறவு, மொழியிலிருந்து பிரித்து வைத்த அரசு உறைவிடப் பள்ளி. அங்கேதான் புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஜிம் தார்ப் வார்னரிடம் ஆடினார். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக, பந்தை ஆட்டக்காரர் ஒருவரின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகி ஓடவிட்டார்கள். எதிரணி பந்தைத் தேடிக்கொண்டே இருந்தது! (ஆட்டத்தில் ஹார்வர்டுதான் ஜெயித்தது, அது வேறு கதை.) 1914இல் நாடாளுமன்றக் குழு கார்லைலை விசாரித்தபோது, விளையாட்டுப் பணத்தைக் கையாண்ட விதம், மாணவர்களை நடத்திய விதம் என்று வார்னர் மீதும் புகார்கள் எழுந்தன. அதோடு பிட்ஸ்பர்க் போய்விட்டார்.

இருவருக்கும் 300க்கு மேல் வெற்றிகள். ஆட்டத் தந்திரத்துக்கு நான் வார்னரைத்தான் சொல்வேன். ஆனால் என் பிள்ளையை யாரிடம் அனுப்புவேன் என்றால், யோசிக்காமல் ஸ்டாக்கிடம்.