ஜெனடிக் கவுன்சிலிங் கிளினிக், அண்ணா நகர் பக்கம் - 4/5, ஒரு ஸ்டார் மாடிப்படிக்கு கட்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது, பாப்பா தூங்குற இந்த அரை மணி நேரத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. கிளினிக் பேர் இங்க போடல.

எங்க பொண்ணுக்கு 3 வயசு. மொத ஒரு வருஷம் பாக்குறவங்கல்லாம் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், என்னா சிரிச்ச மொகம்னு. ஆமா சிரிப்பா, ரெண்டு கையையும் றெக்க மாதிரி அடிச்சிக்கிட்டு சிரிப்பா, ராத்திரி 2 மணிக்கும் எந்திரிச்சு உக்காந்து சிரிப்பா. ஆனா உக்காரவே ஒண்ணேகால் வயசாச்சு, இன்னும் ஒரு வார்த்தை வரல, ஒன்றரை வயசுல ஃபிட்ஸ் ஆரம்பிச்சுது. தண்ணின்னா உசுரு, தெருவுல மெட்ரோ வாட்டர் லாரி வந்து கொடத்துல தண்ணி விழற சத்தம் கேட்டாலே இடுப்புல இருந்து எகிறுவா.

ரெண்டு வருஷம் அலைஞ்சோம். ஒரு எடத்துல சிபி (மூளை பாதிப்பால கை கால் அசைவுல வர்ற கோளாறு) மாதிரி இருக்குன்னாங்க, இன்னொரு எடத்துல ஆட்டிசமா இருக்கலாம்னாங்க. குரோமோசோம் டெஸ்ட் எடுத்தோம், நார்மல்னு வந்துது. அந்த டாக்டர் ரிப்போர்ட்ட திருப்பி குடுத்துட்டு கேட்ட ஒரே கேள்வி, சொந்தத்துல கல்யாணமா? ஆமா சார், அத்தை பையனத்தான் கட்டிருக்கேன்னேன். "ம்ம்"னு தலையாட்டினாரு. அவ்ளோதான், அந்த "ம்ம்" எங்க வீட்டுக்குள்ள வந்து ஒரு வருஷம் சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு.

சரி, கிளினிக் கதைக்கு வரேன். கவுன்சிலர் மேடம் ஃபைல தொறக்கல, மொதல்ல பாப்பாவ தரையில விட சொன்னாங்க. பாதி தண்ணி இருக்குற பாட்டில் ஒண்ண குடுத்தாங்க, இவ குலுக்கி குலுக்கி பாத்துட்டு குப்புன்னு சிரிச்சா. கைய புடிச்சு நடக்க வெச்சு பாத்தாங்க, கால அகட்டி வெச்சு ஆடி ஆடிதான் நடப்பா. அப்புறம்தான் மூளையோட மின்னலைய பதிவு பண்ற பழைய ஈஈஜி ரிப்போர்ட்ட எடுத்தாங்க. ஜீன் எல்லாத்தையும் மொத்தமா படிக்கிற எக்ஸோம் டெஸ்ட் எடுக்கணுமான்னு பயந்துக்கிட்டே கேட்டேன், காசு அப்படி. இப்ப வேணாம், ஜீன் மேல அம்மா அப்பா அடையாளம் சரியா இருக்கான்னு பாக்குற மெதிலேஷன் டெஸ்ட்டும், கூடவே துண்டு காணாம போயிருக்கான்னும் காட்டுற எம்எஸ்-எம்எல்பிஏவும் போதும், எனக்கு சந்தேகமா இருக்குற விஷயம் இருந்தா சுமார் 80 சதவீதம் பேருக்கு மெதிலேஷன்லயே தெரிஞ்சிடும், வரலைன்னா அடுத்தது பாப்போம்னாங்க. முன்னாடி எடுத்த டெஸ்ட் மைக்ராஸ்கோப்ல பாக்குறது, குரோமோசோம்ல சின்ன துண்டு காணாம போயிருந்தா அதுல தெரியாமலே போகலாமாம்.

மூணு வாரத்துல ரிசல்ட். ஏஞ்சல்மன் சிண்ட்ரோம். 1965ல இங்கிலாந்துல ஹாரி ஏஞ்சல்மன்னு ஒரு குழந்தைங்க டாக்டர் மூணு பசங்கள பாத்து எழுதினது. பொம்மைப் பசங்கன்னுதான் மொதல்ல பேர் வெச்சாராம், நல்லவேளை மாத்திட்டாங்க.

அவங்க புரிய வெச்ச விதத்துக்குத்தான் இந்த 4 ஸ்டார். உங்க வீட்ல மெட்ரோ லைன், போர் லைன் ரெண்டும் இருக்கா? இருக்கு. அதே மாதிரி 15வது குரோமோசோம்ல யுபிஇ3ஏன்னு ஒரு ஜீன், அம்மா லைன் ஒண்ணு அப்பா லைன் ஒண்ணு. மூளை நரம்பு செல்லுல மட்டும் அப்பா லைன் வால்வு மூடியே இருக்கும், உங்களுக்கு எனக்கு எல்லாருக்கும் அப்படித்தான். அம்மா லைன்ல வர்றதுதான் தண்ணி. பாப்பாவுக்கு அம்மா லைன்ல அந்த எடத்துல பைப்பையே காணோம். இந்த சிண்ட்ரோம் உள்ள பசங்கள்ல 70 சதவீதம் பேருக்கு இதுதான் காரணமாம்.

அம்மா லைன்னு சொன்னதும் எனக்கு அத்தை மொகம்தான் ஞாபகம் வந்துது, அழுதுட்டேன். மேடம் காரணம்லாம் கேக்கல, அடுத்த தடவ உங்க மாமியாரையும் கூட்டிட்டு வாங்கன்னாங்க.

லிஃப்ட் வேலை செய்யல, ரெண்டாவது மாடி, அத்தைக்கு மூட்டு வலி வேற. உக்காந்ததுமே கேட்டாங்க, "ஏம்மா, அப்ப இவ வழியிலதான் வந்துதா?" மேடம் சொன்னது, "இல்லம்மா, கருமுட்டை உருவாகும்போது தானா விட்டுப்போன துண்டு அது, இவங்க உடம்புல முழுசாத்தான் இருக்கு, இவங்களையும் டெஸ்ட் பண்ணி பாத்தாச்சு. அடுத்த குழந்தைக்கு வர்ற வாய்ப்பு 100ல 1க்கும் கம்மி. சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அத்தை பதில் பேசல. படி எறங்கும்போது என் தோள்ல இருந்த பாப்பா பைய வாங்கி அவங்க மாட்டிக்கிட்டாங்க. ஆட்டோவுல, "ஏண்டி, அந்த மூடி இருக்குற அப்பா லைன் வால்வ தொறந்து விட்டா என்ன?"ன்னாங்க. அடுத்த விசிட்ல கேட்டேன், அதத்தான் வெளிநாட்டுல டிரயல் பண்ணிட்டு இருக்காங்க, மருந்து இன்னும் கடைக்கு வரலைன்னாங்க.

இன்னொரு உபயோகம், கார்பமசெபின் மாதிரி சில ஃபிட்ஸ் மருந்து இந்த பசங்களுக்கு ஃபிட்ஸ அதிகமாக்கலாம்னு நியூராலஜிஸ்ட்டுக்கு லெட்டர் குடுத்தாங்க. எங்க மருந்தும் மாறிச்சு. தெரபிக்கு ஈசிஆர்ல முட்டுக்காட்டுல இருக்குற சென்ட்ரல் கவர்ன்மெண்ட் நிறுவனத்துக்கு போங்க, பேச்சு வரலன்னாலும் படம் காட்டி பேச பழக்கலாம்னும் சொன்னாங்க. இப்ப தண்ணி படத்த மட்டும் கரெக்டா தொடறா, வேற எதையும் தொட மாட்டேங்கறா.

கொற என்னன்னா, 10 மணி அப்பாயின்மெண்ட்டுக்கு 12 மணிக்குத்தான் உள்ள விட்டாங்க, ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், அப்புறம் அந்த லிஃப்ட். ஃபீஸ் 1200, நான் 50 நிமிஷம் உக்காந்திருந்தேன், யாரும் வாட்ச்ச பாக்கல.

போறவங்க பழைய ஈஈஜி, குழந்தை நடக்குற வீடியோ ரெண்டும் எடுத்துட்டு போங்க. மாத்து டிரஸ்சும் ஒண்ணு, வெயிட்டிங் ரூம் தண்ணி கேன் குழாய் கரெக்டா பசங்க கை எட்டற ஒசரத்துல இருக்கு.