படுவான்கரைக்கு எந்த சிம், எந்தப் போன்?

போனை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் போடும் சிம்மைப் பற்றிப் பிறகு யோசிப்பதே எங்கள் பக்கத்துப் பழக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் இடையில் மட்டும் நடமாடும் ஒருவர் எந்த வலையமைப்பைத் தெரிவு செய்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் வீடு களுவாஞ்சிகுடியிலும், வேலை நகரத்திலும், வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கத்திலும் இருக்கின்ற குடும்பத்துக்கு, எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் வயல்வெளியான வட்டைக்குள் சிக்னல் இல்லையென்றால் அது வெறும் கமராதான்.

ஆகவே வலையமைப்புகளிலிருந்து தொடங்குகிறேன். 2018இல் எடிசலாட் ஹச் நிறுவனத்துடன் இணைந்தது. 2024 ஜூன் மாதத்தில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்ட சந்தையில் இன்று டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹச் என்ற மூன்றே எஞ்சியுள்ளன. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மாரி மழையில் ஒன்று விழுந்தால் மற்றது கைகொடுக்கும் என்று நம்பி 077 இலக்கம் ஒன்றும் 075 இலக்கம் ஒன்றுமாக வைத்திருப்பவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். அந்த இரண்டும் இப்போது டயலொக் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் உள்ளன. 076, 074 ஆகியவையும் டயலொக்கே. 072ஐயும் 078ஐயும் சேர்த்து வைத்திருப்பவருக்கு இரண்டும் ஹச். 071உம் 070உம் மொபிடெல். வெள்ள காலத்தில் மின்சாரம் நின்று, கோபுரத்தின் பட்டரியும் இறங்கிய பிறகு, வேறு நிறுவனத்தின் வேறு கோபுரம் மட்டுமே உங்களுக்கு உதவும். இரண்டாவது சிம் என்பதற்குப் பொருள் இருக்க வேண்டுமென்றால் அது இரண்டாவது நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றில் எது முதலாவது? இலங்கையில் அதிக வாடிக்கையாளர்களைக் கொண்டது டயலொக். மொபிடெல், எஸ்எல்டியின் வீட்டு இணைப்பை ஏற்கனவே பாவிக்கும் குடும்பங்களுக்கு ஒரே இடத்தில் கணக்கை முடிக்கும் வசதியைத் தருகிறது. ஹச், குறைந்த விலையில் கூடுதலான டேட்டா தருவதையே தன் பலமாகக் கொண்டு சந்தையில் நிற்கிறது. ஆயினும் இந்த நாடளாவிய உண்மைகள் எதுவும் உங்கள் வளவுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது. குறைந்த அலைவரிசை தூரம் செல்லும், சுவரையும் ஓரளவு துளைக்கும். உயர்ந்த அலைவரிசை வேகம் தரும், ஆனால் விரைவில் தளர்ந்துவிடும். தகரக் கூரை எதையும் தடுக்கும். வாவி ஓரத்தில் இடையில் மரமோ கட்டடமோ இல்லாதபோது எதிர்க்கரைக் கோபுரம்கூட எட்டலாம். அதே வீட்டின் பின் அறையில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். எனவே அயலவரிடமோ உறவினரிடமோ ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மையும் சிறிது நேரம் கேட்டு வாங்கி, வீட்டின் உள்ளறையிலும் வயல் வாடியிலும் இரவு எட்டு மணியளவில் ஓர் அழைப்பை எடுத்தும் ஒரு காணொளியை ஓடவிட்டும் பார்ப்பதே சரியான சோதனை. திரையின் சிக்னல் கோடுகளை எண்ண வேண்டாம். கோபுரத்தில் கூட்டம் நிறைந்திருக்கும் மாலை வேளையில் நான்கு கோடுகள் இருந்தும் காணொளி சுழன்றுகொண்டே இருக்கும். நீங்கள் போய்வரும் இடங்களில் மிகப் பலவீனமான இடத்தில் எது வேலை செய்கிறதோ அதுவே உங்கள் முதல் சிம். விலையைப் பார்த்து எடுக்க வேண்டியது இரண்டாவது சிம்தான்.

டேட்டா பக்கேஜ்களை ஒப்பிடும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஜிபி எண்ணிக்கையை நம்பக் கூடாது. அதில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பாவிக்கக்கூடியதாக இருக்கும். இன்னொரு பகுதி வட்ஸ்அப், யூடியூப் போன்ற குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கும். எந்நேரமும் எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டா எவ்வளவு, அது எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும் என்ற இரண்டையும் மட்டும் எழுதிவைத்து விலையால் வகுத்துப் பாருங்கள். வரிசை பெரும்பாலும் மாறிவிடும்.

இனிப் போனையும் வலையமைப்பையும் சேர்த்துக் கட்டும் ஒரு விடயத்துக்கு வருகிறேன். கடைகளில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. குரல் அழைப்பை 4ஜி ஊடாகவே கொண்டுசெல்லும் வசதிக்கு வோல்ட்இ என்று பெயர். அது இயங்காத போனில் அழைப்பு வந்தவுடன் மேல் மூலையில் இருக்கும் 4ஜி குறி மறைந்து, பழைய 2ஜியைக் குறிக்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்து தோன்றும். பேசி முடிக்கும்வரை வட்ஸ்அப் செய்தி அசையாது. முடித்த பிறகும் 4ஜி திரும்பச் சில நொடிகள் செல்லும். வோல்ட்இ இயங்கும் போனில் அந்தக் குறி அப்படியே நிற்கும், குரலும் தெளிவாக இருக்கும். ஒரே மாதிரிப் போனாக இருந்தாலும், வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்பட்டுக் கைமாறி வந்த பிரதியில் எங்கள் நிறுவனங்களுக்கான வோல்ட்இ திறக்கப்படாமல் இருக்கக்கூடும். சில ஆயிரம் ரூபா குறைவு என்று வாங்குபவர் இதைத்தான் இழக்கிறார்.

போன்களில் எங்கள் கடைகளில் அடிக்கடி நேருக்கு நேர் வைத்துக் காட்டப்படும் இரண்டை எடுத்துக்கொள்கிறேன்: சம்சுங் கலக்ஸி ஏ16, ரெட்மி நோட் 14, இரண்டும் 4ஜி வடிவங்கள். காகிதத்தில் பார்த்தால் ரெட்மிக்கே வெற்றி. அதன் பட்டரி 5500 மில்லி அம்பியர் மணி, சம்சுங்கினுடையது 5000. சார்ஜ் வேகம் ரெட்மியில் 33 வாட், சம்சுங்கில் 25 வாட். சம்சுங் பெட்டிக்குள் சார்ஜரே வராது என்பதால் அதன் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரெட்மியின் திரை நொடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படுகிறது, சம்சுங்கில் 90. கச்சான் காற்றடிக்கும் காலத்து வெயிலில் வயல் வரம்பில் நின்று இலக்கத்தைத் தேடுபவருக்கு ரெட்மி திரையின் வெளிச்சம் உண்மையான நன்மை. காதில் கம்பி மாட்டிக் கேட்கும் துளை ரெட்மியில் இருக்கிறது, ஏ16இல் எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போனை ஐந்தாறு வருடம் பாவிக்கப்போகும் ஒருவருக்கு நான் ஏ16ஐத்தான் சொல்வேன். ஆறு தலைமுறை அண்ட்ரொய்ட் மேம்படுத்தலும் ஆறு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பித்தலும் தருவதாக சம்சுங் அறிவித்திருக்கிறது; ரெட்மியில் அவ்வளவு நீண்ட உறுதி கிடையாது. வங்கிச் செயலிகள் பழைய அண்ட்ரொய்டைக் கைவிட்டுக்கொண்டே போகின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தைப் போனிலேயே பார்க்கும் தாய்க்கு, ரெட்மி கமராவின் 108 மெகாபிக்சலைவிட இது பெரிய விடயம். மூன்று வருடத்தில் மாற்றிவிடும் இளைஞருக்கு ரெட்மியே நல்ல கொடுக்கல் வாங்கல்.

இரண்டிலும் பொதுவான குறைகள் உள்ளன. இரண்டாவது சிம்மும் மெமரி கார்டும் ஒரே இடத்தைப் பங்குபோடுகின்றன. இரண்டு நிறுவனங்களின் சிம்மையும் போடப்போகிறவர் கார்டை மறந்துவிட்டு 128 ஜிபிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். தூசையும் நீரையும் தாங்கும் அளவில் இரண்டும் ஐபி54 தரமே. சாரல் மழையைத் தாங்கும், தோணியிலிருந்து வாவிக்குள் விழுந்தால் தாங்காது.

அதே விலைக்குப் பாவித்த ஐபோன் 11 கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2019இல் வந்த அந்தப் போனுக்கு 2025இன் இயங்குதளமான ஐஓஎஸ் 26 கிடைத்தது. ஆனால் அதற்கு முந்திய ஐபோன் எக்ஸ்ஆர் அந்த வருடமே கைவிடப்பட்டது, அடுத்த வரிசையில் நிற்பது 11தான். பட்டரி 3110 மில்லி அம்பியர் மணி மட்டுமே. பாவித்ததில் அதுவும் தேய்ந்திருக்கும். எங்கள் சூழலுக்கு இன்னொரு தடை முக்கியமானது: அதன் வழமையான வடிவத்தில் ஒரு சிம்தான் போடலாம், இரண்டாவது இலக்கம் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்மாகவே இருக்க வேண்டும். வெள்ளத்தில் போன் நின்றுவிட்டால் சாதாரண சிம்மைக் கழற்றி அயல் வீட்டுப் போனில் போட்டு உறவினருக்குத் தகவல் சொல்லலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது. கமராவுக்காக அதை விரும்புபவரைத் தடுக்கமாட்டேன், ஆனால் குடும்பத்தின் ஒரே போனாக அதை வாங்க வேண்டாம்.

முதியவர்களுக்கு வாங்கும்போது குரல்வழித் தட்டச்சையும் பாருங்கள். கூகுள் விசைப்பலகையில் இலங்கைத் தமிழ் தனியாகவே பட்டியலில் உண்டு. அதைத் தெரிவுசெய்து கொடுத்தால், எழுத்தைத் தேடித் தட்டச் சிரமப்படும் அம்மாக்கள் பேசியே செய்தி அனுப்பிவிடுகிறார்கள்.

2024 ஜனவரியிலிருந்து போன்களுக்கும் 18 வீத வற் வரி சேர்கிறது. வரியில்லாத விலை என்று யாராவது சொன்னால், அந்தப் போன் எந்த வழியாக வந்தது என்று கேட்க வேண்டியவர் நீங்கள். காசு கொடுப்பதற்கு முன் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, ஐஎம்ஈஐ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் இடைவெளிக்கும் பிறகு தட்டி, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தப் போன் பதிவானதா என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதில் வரும். உத்தரவாத அட்டையில் இருப்பது இறக்குமதி முகவரின் பெயரா, கடையின் முத்திரை மட்டுமா என்று வாசியுங்கள். பிந்தியதென்றால் கடை மூடும் நாளில் உத்தரவாதமும் முடியும். கடைசியாக, உங்கள் இரண்டு சிம்மையும் அங்கேயே போட்டு ஒவ்வொன்றிலும் ஓர் அழைப்பு எடுத்து, 4ஜி குறி நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.