எட்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பாங்குக் கடிகாரம்

லண்டனில் இருக்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மாமா, உங்க வீட்டுப் பாங்குக் கடிகாரம் இன்னும் ஓடுதா? அதே மாடல் இங்க விலை குறைச்சுப் போட்டிருக்காங்க, வாங்கட்டுமா?" ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. போன மாதம்தான் அதை ரிப்பேர் கடையிலிருந்து மீட்டு வந்தேன், அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஓடுகிறது. தொழுகை நேரம் வந்ததும் தானாகப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்கிற கடிகாரம், 2016 ரமளானுக்கு முன்னால் வாங்கியது. சத்தம் தெளிவு, எழுத்து பெரிசு. எட்டு வருஷத்தில் மணி பிசகியதே இல்லை. குற்றம் அதில் இல்லை. மணியைச் சரியாகக் காட்டுகிற சாமானுக்கு வக்து (தொழுகை நேரம்) தெரியாது என்பதுதான் என் புகார்.

வாங்கிய கையோடு ஊரைக் கேட்டது. பட்டியலில் சென்னை இருந்தது, மதுரை இருந்தது, எங்கள் ஊர் காயல்பட்டினம் இல்லை. தமிழ்நாடுதானே என்று சென்னையைப் போட்டுவிட்டேன். அது ஜூன் மாதம். விடிகாலை 4:23க்கு சுபுஹு (வைகறைத் தொழுகை) பாங்கு சொன்னது. உம்மா எழுந்து தொழுதும் விட்டாங்க. பள்ளிவாசலில் பாங்கு கேட்டபோது மணி 4:42. வக்துக்கு முன்னால் தொழுத தொழுகை கூடாது, திரும்பத் தொழுதாங்க. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

பத்தொன்பது நிமிடம் எங்கே போனது என்று பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். சென்னை நமக்குக் கிழக்கே இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம், அதில் ஒன்பது நிமிடம் போய்விடுகிறது. மிச்சம் வடக்கே இருப்பதால். கோடையில் வடக்கே பகல் நீளம், வெளுப்பும் முந்திக்கொள்ளும். டிசம்பரில் கதை தலைகீழ். அப்போது சுபுஹு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும், மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) கால் மணி நேரம் முந்திவிடும். சென்னை நேரத்தை நம்பி டிசம்பரில் நஃபில் (கடமையல்லாத) நோன்பு திறந்தால் சூரியன் மேலே இருக்கும்போதே பேரீச்சம்பழம் வாய்க்குள் போயிருக்கும். மதுரைக்கு மாற்றினேன். மதுரையும் நாமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. கோடையில் இரண்டு மூன்று நிமிடம்தான் வித்தியாசம், அதையும் கூட்டல் பொத்தானை அமுக்கிச் சரிக்கட்டலாம்.

அடுத்து டிகிரி. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரியில் இருந்தால் சுபுஹு, எத்தனையில் இஷா (இரவுத் தொழுகை) என்று கடிகாரம் கேட்கும். இதற்குப் பல கணக்குமுறைகள். கராச்சி கணக்கு இரண்டுக்கும் 18. சவூதியின் உம்முல் குரா கணக்கு சுபுஹுக்கு 18.5. வட அமெரிக்கக் கணக்கு என்று ஒன்று, 15. நம் பக்கம் ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம், சொச்சம். அப்படியானால் 15க்கும் 18க்கும் நடுவே பன்னிரண்டு பதிமூன்று நிமிடம். மலேசியாவில் 2019ல் 20 டிகிரியிலிருந்து 18க்கு மாற்றி, சுபுஹு எட்டு நிமிடம் தள்ளிப்போனது. ஒரு நாடே எட்டு நிமிடத்துக்காக உட்கார்ந்து பேசியிருக்கிறது. என் கடிகாரக் கம்பெனி அதை ஒரு பொத்தானில் வைத்து, விளக்கக் குறிப்பில் அரை வரிகூட எழுதவில்லை.

"பேணுதலா அஞ்சு நிமிஷம் முன்னாடி வச்சுக்க வேண்டியதுதானே" என்று காக்கா (அண்ணன்) சொன்னார். இஷாவுக்கானால் முன்னால் வைப்பதே தப்பு. சுபுஹிலோ எந்தப் பக்கம் பேணுவது? முன்னால் வைத்தால் நோன்புக்குப் பேணுதல், சஹரை (நோன்புக்கு முந்திய விடிகாலை உணவை) சீக்கிரம் முடிக்கிறோம், நஷ்டமில்லை. தொழுகைக்கு அதுவே ஆபத்து. பின்னால் வைத்தால் தொழுகை பத்திரம், வாயில் சோறு இருக்கும்போதே ஃபஜ்ரு (வைகறை) வந்திருக்கும். அதனால்தான் ரமளான் அட்டவணைகளில் சஹர் முடிவு ஒரு கட்டத்திலும் சுபுஹு பாங்கு இன்னொரு கட்டத்திலும் போடுகிறார்கள். நபிகள் காலத்து மதீனாவிலும் இரண்டு பாங்கு இருந்தது. பிலால் (ரலி) இரவிலேயே சொல்வார்கள், இப்னு உம்மி மக்தூம் (ரலி) சொல்லும் வரை உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூம் அவர்களுக்குக் கண் தெரியாது. விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று ஆட்கள் சொன்ன பிறகே பாங்கு சொல்வார்கள். என் கடிகாரத்தில் சுபுஹுக்கு ஒரே பாங்கு. இரண்டாவது வைக்க வழியில்லை.

ஒரு ஐப்பசி அமாவாசையை ஒட்டி, கடிகாரம் சொல்வது மெய்தானா என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனேன். நம் ஊர்க் கடல் கிழக்கே பார்த்தது, அதற்கு அல்ஹம்துலில்லாஹ். விளக்கு இல்லாத இடம் தேடித் தெற்கே கொஞ்சம் நடந்தேன். முதலில் கடலுக்கு மேலே வெள்ளையாக ஒன்று சாய்வாய் நிமிர்ந்து நின்றது. அடி அகலம், நுனி கூர். இதுதான் ஃபஜ்ரு காதிப், பொய் வைகறை. ஓநாயின் வால் என்று கிதாபுகளில் படித்ததை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றது. போனில் அலாரம் அடித்தது, கடிகாரத்தின் 18 டிகிரி நேரம். ஒன்றும் மாறவில்லை. ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் கடலும் வானமும் சேருகிற இடத்தில் வடக்கும் தெற்குமாக மங்கலாய் ஒரு கோடு இழுத்தது மாதிரி இருந்தது. அது நிமிரவில்லை, படுத்தவாக்கில் பரவியது. என் கண் ஐம்பது தாண்டிய கண், தூத்துக்குடிப் பக்கம் துறைமுக வெளிச்சம் வேறு. ஆகவே கடிகாரம் பொய் என்று சொல்ல மாட்டேன். கருப்பு நூலிலிருந்து வெள்ளை நூல் தெளிவாகும்வரை உண்ணலாம் என்ற குர்ஆன் ஆயத்தைக் (வசனத்தைக்) கேட்டுத் தலையணைக்கடியில் நிஜமாகவே இரண்டு கயிறு வைத்துப் பார்த்த சஹாபியின் (நபித்தோழரின்) மேல் அன்றைக்குத் தனிப் பிரியம் வந்தது. இந்தக் கடிகாரம் வீட்டில் இல்லையென்றால் நான் அந்த நேரத்துக்குக் கடற்கரைக்குப் போயிருக்கவே மாட்டேன். அந்த நன்றியையும் எழுதத்தான் வேண்டும்.

இனி ரிப்பேர். 2024 மார்ச், ரமளான். ஒலிபெருக்கி கரகரத்தது, கொடுத்தேன். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றி மாட்டி, மணியை மட்டும் சரிசெய்து தந்துவிட்டார். பேட்டரி கழன்றால் இந்தச் சனியன் ஊரை மக்காவாகவும் கணக்கை உம்முல் குராவாகவும் மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் இதே கதை, எட்டு வருஷமாக. இந்த முறை எனக்குத் தெரியவே இல்லை. காரணம் மார்ச் மாதம். மக்கா அதன் நேர மண்டலத்தில் எவ்வளவு மேற்கே தள்ளி இருக்கிறதோ, நாம் இந்திய நேரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு தள்ளி இருக்கிறோம். மார்ச் 21ஐ ஒட்டி இரவும் பகலும் எல்லா ஊரிலும் சமம். எனவே மக்காவின் சுபுஹு மூன்று நிமிடம் முந்தியது, மஃரிப் மூன்று நான்கு நிமிடம் பிந்தியது. யார் கவனிக்கப்போகிறார்கள்?

காட்டிக்கொடுத்தது இஷா. உம்முல் குராவில் இஷாவுக்கு டிகிரியே கிடையாது. மஃரிபிலிருந்து 90 நிமிடம், ரமளானில் 120. நம் ஊரில் அந்தி வானத்தின் சிவப்பு மட்டுமல்ல, வெள்ளையும் சேர்ந்து மறைய எழுபதிலிருந்து எண்பது நிமிடம் போதும். நாங்கள் பள்ளிவாசலில் தராவீஹில் (இஷாவுக்குப் பிறகு வரும் ரமளான் இரவுத் தொழுகையில்) நிற்கிறோம், வீட்டில் எட்டரைக்கு இது ஆற அமர இஷா பாங்கு சொல்லியிருக்கிறது. நான் வந்ததும் உம்மா சொன்னாங்க: "நமக்கு முந்தி இது மக்காவுக்குப் போயிட்டு வந்துட்டுதே வாப்பா."

ஜூனில் நடந்திருந்தால் சிரிப்பதற்கில்லை. மக்கா கணக்கில் அப்போது சுபுஹு அரை மணி நேரம் முந்தியிருக்கும்.

மருமகனுக்கு என் பதில்: வாங்காதே. லண்டனில் ஜூன் இரவில் சூரியன் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே பெரும்பாடு, 18 வரவே வராது. அப்போது நேரத்தை எப்படிக் குறிப்பது, இரவின் நடுவா, இரவில் ஏழில் ஒரு பங்கா என்று அங்கே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். உன் பள்ளிவாசல் அட்டவணை எதுவோ அதைக் குளிர்பெட்டியில் ஒட்டிக்கொள்.

"அப்ப ஏன் மாமா நீங்க இதுக்குக் காசு கொடுத்து ரிப்பேர் பார்த்தீங்க?" என்றான். அது கடையில் இருந்த நாலு நாளும் உம்மா, போனில் வந்த பாங்கைப் பாங்கு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இதோ பின்பக்கம் தாள் ஒட்டியிருக்கிறேன்: மதுரை, கராச்சி, அஸர் (பிற்பகல் தொழுகை) ஷாஃபிஈ முறை, சுபுஹு கூட்டல் 2. அடுத்த தடவை பேட்டரி கழற்றுகிறவர் தயவுசெய்து படிக்கவும்.