ஒளி ஊடுருவும் கோப்பையிலிருந்து தொட்டிக்கு: வேர்பிடித்த குச்சிகளை இடம் மாற்றியதில் ஆறு ஆண்டு அனுபவம்

செம்பருத்தி, ரோஜா, வண்ண இலைகளுக்காக வளர்க்கும் கோலியஸ், காகிதப்பூ ஆகியவற்றின் குச்சிகளைக் கடந்த ஆறு ஆண்டுகளாக ஒளி ஊடுருவும் சிறு பிளாஸ்டிக் கோப்பைகளில் வேர்பிடிக்க வைத்து, பின்னர் தொட்டிகளுக்கு மாற்றி வருகிறேன். அதற்கு முன் கறுப்பு நாற்றுப் பைகளையும், நாரால் செய்த மக்கும் தொட்டிகளையும் பயன்படுத்தினேன். மக்கும் தொட்டியை அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம் என்பது கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அதன் விளிம்பு சிறிதளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்கூட, திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுத்துக் காற்றில் விட்டுவிடும். சுவரும் நான் எதிர்பார்த்த வேகத்தில் மக்கவில்லை. கோப்பைக்கு மாறிய காரணம் எளிமையானது: வேரைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

இதன் மதிப்பை ரோஜாதான் எனக்கு உணர்த்தியது. ரோஜாக் குச்சி தன் தண்டில் சேமித்து வைத்திருக்கும் உணவைக் கொண்டே துளிர்விடும். துளிர் வந்துவிட்டது என்பதால் வேர் வந்துவிட்டது என்று பொருளில்லை. இது புரியாமல், நான்கு இலை கண்டவுடன் தொட்டிக்கு மாற்றிப் பல குச்சிகளை இழந்திருக்கிறேன். லேசாக இழுத்துப் பார்த்து வேர் இருக்கிறதா என்று சோதிக்கும் பழக்கமும் எனக்கு இருந்தது. அந்த ஓர் இழுப்பிலேயே அப்போதுதான் முளைத்திருந்த வேர்கள் அறுந்திருக்கும். இப்போது கோப்பையின் சுவரில் முதல் வெள்ளை வேர் தெரிந்த பிறகும் அவசரப்படுவதில்லை. அந்த வேரிலிருந்து பக்கவேர்கள் கிளைத்து, மண்கலவையைப் பின்னிப் பிடிக்கும்வரை, ஏறத்தாழ பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை காத்திருக்கிறேன். அடியில் வேர்கள் வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் காலம் தாழ்ந்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்றிவிடுகிறேன்.

இடம் மாற்றிய செடி வாடுவதை வேர் அதிர்ச்சி என்கிறோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் வேர்த்தூவிகளின் இழப்புதான். வேரின் வெளிப்புறச் செல்கள் மயிரிழைபோல நீண்டு உருவாகும் இந்தத் தூவிகள் வேர்நுனிக்குச் சற்றுப் பின்னால் மட்டுமே தோன்றுகின்றன. நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு இவற்றுடையது. அறுந்த தூவி மீண்டும் வளர்வதில்லை. வேர் புதிதாக நீண்டால்தான் புதிய தூவிகள் வரும். அதுவரை இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால், வரவு குறைந்து செலவு குறையாத நிலையில் செடி வாடுகிறது. ஆகவே வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் தாய்மண் உதிராமல் செடியை எடுப்பதே இந்த வேலையின் உயிர்நிலை என்று கருதுகிறேன்.

தாய்மண் உதிர்வதும் உதிராததும் அதன் ஈரப்பதத்தைப் பொறுத்தது என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. காய்ந்திருந்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. அப்போதுதான் நீர் ஊற்றியிருந்தால் கனம் தாங்காமல் பிளந்து, வேரையும் சேர்த்துக் கிழிக்கிறது. முதல் நாள் மாலை நன்றாக நீர் ஊற்றி, மறுநாள் மாலை வெயில் தணிந்த பின் எடுத்தால் மண் கெட்டியாகவும் மிருதுவாகவும் இருக்கிறது. கோப்பையைக் கவிழ்த்துத் தட்டுவதை நிறுத்திவிட்டு, இரு பக்கமும் கத்தரித்துப் பூவிதழ்போல விரித்து எடுக்கிறேன். ஒரு செடிக்கு ஒரு கோப்பை வீணாவது மனதை உறுத்தியதால், இப்போது கோப்பைகளை முன்கூட்டியே கீறி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுகிறேன். நாடாவைப் பிரித்தால் போதும், அதே கோப்பை பலமுறை உழைக்கிறது.

நான் அதிகம் வருந்தும் தவறு தொட்டியின் அளவில் செய்ததுதான். அடிக்கடி மாற்ற வேண்டாமே என்ற எண்ணத்தில், நன்றாக வேர்பிடித்திருந்த செம்பருத்திக் கன்றுகளை ஒரேயடியாகப் பெரிய தொட்டிகளில் வைத்தேன். வேர் எட்டாத அத்தனை மண்ணும் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்ததால் காற்றோட்டம் இல்லாமல் வேர்கள் மூச்சுத்திணறின. மூச்சுத்திணறும் வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலைகள் தொங்கின. நான் அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றினேன். எடுத்துப் பார்த்தபோது வெள்ளையாக இருந்த வேர்கள் பழுப்பேறிக் குழைந்திருந்தன. அன்றிலிருந்து, முன்பிருந்ததைவிட மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே அகலமான தொட்டிக்குத்தான் மாற்றுகிறேன். தொட்டியடியில் ஜல்லி பரப்புவதையும் கைவிட்டேன். மென்மண் முழுவதும் நனைந்து நிரம்பும்வரை நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. ஆகவே ஜல்லி ஈரமண்டலத்தை வேருக்கு அருகில் உயர்த்திவிடுகிறது.

மண்கலவையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோப்பையில் வெறும் தென்னைநார்த் தூளும் தொட்டியில் களிப்பான தோட்டமண்ணும் இருந்தால் இரண்டுக்கும் இடையே நீர் சீராகப் பரவுவதில்லை. வெளியே ஈரமாக இருக்கும்போதே உள்ளே வேர்க்கட்டி காய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டிலும் ஒரே அடிப்படைக் கலவைதான். தொட்டிக்கு மட்டும் சிறிது மண்புழு உரம் கூடுதலாகச் சேர்க்கிறேன். நார்த்தூளில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்துகிறேன். செடியை வைத்தபின் மண்ணை விரலால் இறுக்கி அழுத்துவதில்லை. ஊற்றும் நீரே அதைப் படியவைத்துவிடும்.

மாற்றிய பிறகு ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் வரை நிழல், புதுத்துளிர் காணும்வரை உரம் இல்லை. கோலியஸ் போன்ற மென்தண்டுச் செடிகளுக்கு முதல் மூன்று நாள்கள் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகக் கவிழ்க்கிறேன். வேர் அதிர்ச்சியைக் குறைக்கும் என்று சொல்லப்படும் வைட்டமின் பி1 கலந்த கரைசலை ஒரு பருவம் பாதிக் கன்றுகளுக்கு மட்டும் ஊற்றிப் பார்த்தேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை. அந்த வைட்டமினைச் செடி தானே தயாரித்துக்கொள்கிறது என்று பின்னர் அறிந்தபோது வியப்பு ஏற்படவில்லை.

கோப்பைகளுக்குக் குறைகளும் உண்டு. ஒளி படுவதால் சுவரில் பாசி படர்கிறது. நேர்வெயிலில் உள்ளே சூடேறுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் ஒளிபுகாத மற்றொரு கோப்பைக்குள் வைத்து, பார்க்கும்போது மட்டும் உருவி எடுக்கிறேன். தண்ணீரில் வேர்விட்ட குச்சிகளுக்கு இந்த முறை அதே பலனைத் தருவதில்லை. அந்த வேர்கள் எளிதில் ஒடிபவை, மண்ணுக்குப் பழகப் புதிய வேர் விட்டாக வேண்டும். எனவே வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும்போதே கோப்பைக்கு மாற்றி, முதல் வாரம் மண்ணைச் சற்றுக் கூடுதல் ஈரத்துடன் வைக்கிறேன்.

காகிதப்பூவின் வேர்கள் நூலிழைபோல மெலிந்தவை. மண்ணைப் பின்னிப் பிடிப்பதில்லை. கோப்பையை விரித்தவுடன் தாய்மண் சரிந்துவிடுவதால், அதற்கு மட்டும் அடியை வெட்டி நீக்கிய கோப்பையைத் தொட்டிக்குள் நிறுத்தி, சுற்றிலும் மண் நிரப்பி முடித்த பிறகே நாடாவைப் பிரித்துச் சுவரை மெதுவாக மேலே உருவுகிறேன். சென்ற பருவத்தில் இப்படி மாற்றிய ஏழு கன்றுகளில் ஆறு ஓரிலைகூட உதிர்க்காமல் நின்றன.